ஞாயிற்றுக்கிழமையும் ஓடிய மீட்டர்

சாப்பிட்டாயா என்று கேட்டால் "ம்" என்பாய். அங்கே குளிர் எப்படி இருக்கிறது என்றால் அதற்கும் ஒரு "ம்". அதனால் இந்தக் கடிதத்தில் அந்த இரண்டையும் கேட்கப் போவதில்லை கண்ணா. போன வாரம் போனில் நீ என்னை ஒன்று கேட்டாய் அல்லவா, அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்ல எனக்கு வராது. நேரில் சொன்னால் பாதியிலேயே எழுந்து போய்விடுவாய், அப்படியே உன் அப்பா. கடிதம் என்றால் நான் முடிக்கிற வரைக்கும் நீ உட்கார்ந்து கேட்டாக வேண்டும்.

நீ போன் செய்தபோது நான் ஆபீஸ் மொட்டைமாடியில் நின்றுகொண்டிருந்தேன். "அப்பா போனது உனக்கு வலிக்கவே இல்லையாம்மா? அஞ்சாம் நாளே ஏதோ சர்டிபிகேட்டுன்னு கிளம்பிப் போயிட்டியே. எனக்கு இது தெரிஞ்சாகணும்" என்றாய். நீ குரலை உயர்த்தவில்லை. ரொம்ப நாள் மனசுக்குள் வைத்திருந்து வெளியே எடுத்த கேள்வி என்று தெரிந்தது. நான் "இங்க பம்ப் வேலை நடக்குதுப்பா, அப்புறம் பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பம்ப் வேலை எதுவும் நடக்கவில்லை. சும்மா நின்றுகொண்டுதான் இருந்தேன். அதன் பிறகு நீ கூப்பிடவில்லை. அப்பா போய் ஒரு வருஷம் ஆவதற்குள் உன் கல்யாணத்தை முடித்தாக வேண்டும், இல்லையென்றால் தள்ளிப் போய்விடும் என்று சித்தப்பா நாள் குறித்துவிட்டார். அடுத்த மாதம் முகூர்த்தம். மண்டபம், சமையல்காரர், பத்திரிகை எல்லாவற்றையும் நீ சித்தப்பாவிடம்தான் பேசுகிறாய். அம்மா என்று ஒருத்தி இங்கே இருக்கிறாள் என்பது எனக்கே சில நாள் மறந்துபோகிறது, உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் கல்யாணம் முடிந்து நீயும் அவளும் ஜெர்மனிக்குப் போய்விட்டால் இந்தக் கேள்வி நமக்கு நடுவில் அப்படியே தங்கிவிடும். பிறகு காலம் முழுக்க உனக்கும் எனக்கும் வெறும் "ம்" மட்டும்தான். அதுதான் எனக்குப் பயம். பயம் என்று எழுதுகிறேனே தவிர, உடம்பில் அது தெரியவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதட்டைக் கிள்ளிப் பார்ப்போமே, அந்த மாதிரி இருக்கிறது. உதடு என்னுடையதுதான், கிள்ளுகிற விரலும் என்னுடையதுதான்.

முதலில் அந்தச் சர்டிபிகேட் என்னவென்று சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் எனக்கு ஏதோ பட்டமளிப்பு விழா நடந்த மாதிரி பேசுகிறார்கள். உன் அம்மா ஈஜிபுராவைத் தாண்டி ஒரு ஏழு மாடி ஆபீஸ் கட்டடத்துக்கு மேனேஜர் என்பது உனக்குத் தெரியும். மேனேஜர் என்றால் என்ன வேலை என்று நீ கேட்டதில்லை. லிஃப்ட் நின்றால் திட்டு வாங்குவது நான். பாத்ரூமில் தண்ணீர் வராவிட்டால் திட்டு வாங்குவது நான். ஏசி அதிகம் என்று மூன்றாவது மாடியும், ஏசி போதவில்லை என்று ஐந்தாவது மாடியும் ஒரே நிமிஷத்தில் போன் செய்தால் இரண்டு பேரிடமும் "பார்க்கிறேன் சார்" என்று சொல்வதும் நான்தான். ஃப்ரிட்ஜ் வாங்கப் போனால் கதவில் ஸ்டார் ஒட்டியிருக்கிறதே, அதே மாதிரி ஆபீஸ் கட்டடத்துக்கும் உண்டு. ஒரு வருஷத்துக்குக் கட்டடம் எத்தனை யூனிட் கரண்ட் குடிக்கிறது என்று பார்த்து, அதைக் கட்டடத்தின் பரப்பளவால் வகுத்து, வீணாக்காத கட்டடம் என்றால் ஸ்டார் போட்டுச் சான்றிதழ் கொடுப்பார்கள். காலியாக இருக்கும் மாடிக்கு ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வர இருந்தது. அவர்கள் ஸ்டார் இல்லாத கட்டடத்தில் கால் வைக்க மாட்டோம் என்றார்கள். அதனால் ஓனருக்கு ஸ்டார் வேண்டும். அதனால் எனக்கும் வேண்டும்.

இதைச் சோதிக்க வந்த ஆடிட்டர் ஒரு பெண். உன் வயதுதான் இருக்கும். முதல் நாளே கேட்ட கேள்வி எனக்குப் பிடித்துப்போயிற்று. "ஆளே இல்லாத ஞாயித்துக்கிழமை உங்க மீட்டர் எவ்ளோ ஓடுது ஆன்ட்டி? சாரி, மேடம்" என்றாள். முந்தின ஞாயிற்றுக்கிழமைக் கணக்கை எடுத்துப் பார்த்தோம். எல்லா மாடியும் பூட்டிக் கிடக்கிற ஞாயிற்றுக்கிழமையிலும் மீட்டர் வேலை நாள் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. எங்கே போகிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. "இதைக் கண்டுபிடிச்சாதான் மேல பேச முடியும். ஆனா இந்த ஒரு நாளை வெச்சு நான் எதையும் எழுத மாட்டேன் மேடம். ஒரு நாள் ரீடிங் எந்தக் கட்டடத்தைப் பத்தியும் ஒண்ணும் சொல்லாது. கண்டுபிடிச்ச பிறகு முழுசா ஒரு வருஷ பில் வேணும்" என்றாள். அடுத்து ஒரு திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

இதை வீட்டில் வந்து அப்பாவிடம் சொன்னபோது அவர் பேப்பரை மடிக்காமலே, "ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டு மீட்டரை அந்தப் பொண்ணு வந்து பாக்கட்டும், மயக்கம் போட்டுரும்" என்றார். சொல்கிற நேரத்தில் பாத்ரூம் லைட், பின்கட்டு லைட், யாருமே இல்லாத உன் ரூமில் ஃபேன், மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன. ரிட்டயர் ஆகும் வரைக்கும் பிரஸ்ஸில் மெஷின் ஓடுகிற சத்தத்தில் இருந்தவர், வீட்டில் எதுவும் ஓடவில்லை என்றால் அவருக்கு இருப்பே கொள்ளாது. அவர் போட்டுக்கொண்டே போவார், நான் பின்னாலேயே அணைத்துக்கொண்டே வருவேன். எங்கள் குடித்தனமே அதுதான். நீ சின்னப் பையனாக இருந்தபோது இது சண்டை என்று நினைத்து அழுவாய். சண்டை இல்லை கண்ணா. நடுவில் இரண்டு மூன்று வருஷம் சண்டையாகவும் இருந்தது, அதையும் மறைக்க வேண்டாம். மார்கழியில்கூட அவருக்கு ஃபேன் ஐந்தில் சுற்ற வேண்டும். நான் தலையோடு காலாகப் போர்த்திக்கொண்டு, வேண்டுமென்றே பல்லைக் கடகடவென்று தட்டுவேன். ஒரு நாள் அவர் "ரொம்பக் குளுருதா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய் இரண்டில் வைத்தார். அவ்வளவுதான், அந்த விவகாரம் முடிந்தது. உனக்குச் சொல்ல என்னிடம் இருக்கிற கல்யாண புத்தி இவ்வளவுதான்: ஸ்விட்ச் யார் கையில் என்று பார்க்காதே, குளிருகிறதா என்று கேள். இப்போது வீட்டில் லைட் எரியவைக்க ஆள் இல்லை. மாதா மாதம் பில் குறைவாக வருகிறது. அதைப் பார்க்கும்போது சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. பார்த்துவிட்டு மடித்து வைக்கிறேன்.

அவர் புதன்கிழமை காலையில் போனார். பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. நீ வெள்ளிக்கிழமை காலையில் வந்தாய், அன்றைக்கே எடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை நான் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பியபோது சித்திதான் வாசலில் மறித்தாள். "அக்கா, இது என்ன அநியாயம்? பதினாறு முடியாம வாசப்படி தாண்டறதா? நாலு பேர் என்னா பேசுவாங்க?" என்றாள். "நாளைக்கு ஆடிட்டர் வராங்கம்மா. ஞாயித்துக்கிழமைதான் கட்டடம் காலியா இருக்கும். போயிட்டு வந்துடறேன்" என்றேன். நீ அப்பாவின் போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாய். எழுப்ப மனசு வரவில்லை. ஃபேனை ஒன்று குறைத்துவிட்டுப் போனேன்.

ஓனர் கட்டாயப்படுத்தினார், அதனால் போனேன் என்று சொன்னால் நீ நம்பிவிடுவாய். அது பொய். ஓனர், "பேடம்மா, பேடா, வேண்டாம், நீங்க ரெஸ்ட் எடுங்க, சர்டிபிகேட் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றுதான் தன் கன்னடத் தமிழில் சொன்னார். நான் போனது வேறு காரணத்துக்காக. வீட்டில் அத்தனை பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், இவள் எப்போது அழப்போகிறாள் என்று. காபி கொடுக்கிறவளும் பார்த்தாள், டம்ளரை வாங்குகிறவளும் பார்த்தாள். எனக்கு அழுகை வரவில்லை. வரவழைக்கவும் தெரியவில்லை. கட்டடத்துக்குப் போனால் கைக்கு என்ன வேலை என்று தெரியும். அதனால் போனேன்.

எலக்ட்ரீசியன் மஞ்சுநாத் என்னைப் பார்த்ததும் பதறிவிட்டான். "மேடம், நீவு யாக்கே பந்த்ரி? ஏன் வந்தீங்க? நாங்க பாத்துக்கறோம்ல" என்றான். அவனைக் கீழே பேஸ்மென்ட்டில் மெயின் மீட்டர் முன்னால் நிற்க வைத்துவிட்டு, நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு மாடி மாடியாக ஒவ்வொரு ஸ்விட்ச்சாக அணைத்துக்கொண்டே ஏறினேன். "அணைச்சிட்டேன், பாரு." "ஏனூ இல்ல மேடம், அப்படியே ஓடுது." மறுபடி போட்டுவிட்டு அடுத்தது. அப்படியே போய், நாலாவது மாடியில் ஒரு ஸ்விட்ச்சைக் கீழே இறக்கியதும் அவன் போனில் கத்தினான். "கம்மி ஆச்சு மேடம்! சக்கத்தா கம்மி ஆச்சு!"

அது சர்வர் ரூம் ஏசியின் ஸ்விட்ச். அந்த மாடியிலிருந்த கம்பெனி காலி செய்து போய் வெகு காலமாகிறது. போகும்போது கம்ப்யூட்டர்களை எல்லாம் எடுத்துக்கொண்டு, அறையைப் பூட்டிச் சாவியை ஆபீஸில் கொடுத்துவிட்டார்கள். கதவில் ஒரு போர்டு மட்டும் அப்படியே இருந்தது, எக்காரணம் கொண்டும் இந்த ஏசியை அணைக்கக் கூடாது என்று. எங்கள் ஆட்கள் போர்டுக்கு மரியாதை கொடுக்கிறவர்கள். கதவுக்கு வெளியே சுவரில் டெம்பரேச்சர் காட்டுகிற சின்னப் பெட்டி இருக்கிறது. செக்யூரிட்டி தினமும் அதைப் பார்த்து எழுதுவார். ஒரு டிகிரி ஏறினால் போன் வரும், மெக்கானிக் ஓடி வருவான், ரிப்பேர் பார்ப்பான். ஆயுத பூஜைக்குக் கதவைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம்கூட வெட்டி வைப்பார்கள். மாதக் கடைசியில் எல்லாம் சரி என்று கையெழுத்துப் போடுவது நான். கதவைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

ஸ்விட்ச்சைத் திரும்பப் போட்டுவிட்டு, மஞ்சுநாத் சாவியோடு மேலே வந்ததும் திறந்தோம். உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் தரை, ஒயர் போன ஓட்டைகள். இரண்டு பெரிய ஏசி, ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று எடுத்துக்கொண்டு, அந்த வெற்று அறையைப் பத்திரமாகக் குளிரவைத்துக்கொண்டிருந்தன. மஞ்சுநாத் சிரித்துவிட்டான். "யாரிகெ மேடம் இது? பேய்க்கு ஏசியா?" என்றவன், என் நெற்றியைப் பார்த்துச் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்பா போன பிறகு முதல் சிரிப்பு. சித்திக்கு மட்டும் தெரிந்திருந்தால் அன்றோடு என் கதை முடிந்திருக்கும். அவனை ரீடிங் எழுதச் சொல்லிக் கீழே அனுப்பிவிட்டு, அணைக்காமல் கொஞ்ச நேரம் அந்த அறையிலேயே நின்றேன். பிறகு அணைத்தேன். வீட்டுக்கு வந்தபோது நீ வாசலில் நின்றுகொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாய்.

மறுநாள் ஆடிட்டர் பெண் வந்தாள், காரணத்தை எழுதிக்கொண்டாள். அந்த வாரம் தொடங்கிய வருஷக் கணக்கு உன் கல்யாணம் ஆன கையோடு முடியப் போகிறது. கிட்டத்தட்ட அப்பாவின் வருஷமும் அதுவும் ஒரே சமயத்தில் முடிகிறது. ஸ்டார் வருமா என்று தெரியாது. வந்தால் லாபியில் மாட்டுவார்கள், வராவிட்டாலும் லிஃப்ட் நிற்கத்தான் போகிறது. உன்னிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். முன்பின் தெரியாத ஒரு கட்டடத்துக்கு அந்தப் பெண் ஒரு வருஷம் கொடுத்தாள். எனக்கு நீ ஒரு ஞாயிற்றுக்கிழமையை வைத்துக் கணக்கை முடித்துவிட்டாய். கோபமாக எழுதவில்லை. கோபம் வந்தால்கூடத் தேவலை.

அந்த அறையில் ஏன் நின்றேன் என்று சொல்கிறேன். அதற்கு, நீ வருவதற்கு முன்னால் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நீ வருகிற வரைக்கும் வைத்திருக்க வேண்டும் என்று புதன்கிழமை மதியம் ஐஸ் பெட்டி கொண்டுவந்தார்கள். ஹாலில் இருந்த பிளக்கில் செருகினால் அது தாங்காது என்று எனக்குத் தெரியும். ஃப்ரிட்ஜைப் பிடுங்கிவிட்டு அந்த பாயின்ட்டிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தேன். பெட்டி கொண்டுவந்த ஆள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அடிக்கடி தொறக்காதீங்கம்மா. பையன் வர்றதுக்குள்ள மொகம் மாறிடும். அப்புறம் பாக்க முடியாது" என்றார். வந்தவர்கள் ஒவ்வொருவரும் மூடியைத் தூக்கினார்கள். மாலை போட, கன்னத்தைத் தடவ, கட்டிக்கொண்டு அழ. தப்பு சொல்ல முடியாது, அழ வந்தவர்கள் அவர்கள். மூடியைத் தூக்கும்போதெல்லாம் குளிர் என் முகத்தில் அடித்துவிட்டுப் போகும். கம்ப்ரஸர் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை கரண்டும் போயிற்று. முகம் மாறிவிடும் என்று அழுகிறவர்களிடம் எப்படிச் சொல்வது? "மூடுங்க, மூடிடுங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தேன். உன் காதுக்கு அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். "உங்கம்மா கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லப்பா. கரண்ட் பில் ஏறுதுன்னு பொட்டியை மூடு மூடுன்னு வெரட்டிட்டே இருந்தா." சொன்னவளைத் திட்டாதே. லைட்டை அணை, ஃபேனை அணை என்று இத்தனை வருஷம் அவள் காதுபடச் சொன்னவள்தானே நான். அவளுக்கு வேறு எப்படித் தோன்றும்?

மூடச் சொன்னவள் திறக்கலாமா? நான் ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடி மேலேயே கையை வைத்திருந்தேன். பனி படியும், துடைத்தால் முகம் தெரியும், திரும்பவும் படியும். வெள்ளிக்கிழமை நீ உள்ளே வந்து மூடியைத் தூக்கினாய். இரண்டு கையாலும் முகத்தைப் பிடித்துக்கொண்டு "ஜில்லுன்னு இருக்காரும்மா" என்றாய். முகம் மாறாமல் இருந்தது. நான் எழுந்து போய் ஸ்விட்ச்சை அணைத்துவிட்டு வந்தேன். இனிமேல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திறந்திருக்கலாம், உனக்கு முறை வந்துவிட்டது என்று. அதற்குப் பிறகு எனக்கு முறை வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் நீ கையை எடுத்ததும் நேரமாகிவிட்டது, நேரமாகிவிட்டது என்று எல்லோரும் கூடிவிட்டார்கள். வாய்க்கரிசி போடும்போது யாரோ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு போட வைத்தார்கள். அரிசி விழுந்தது, என் விரல் படவில்லை. வாசலோடு என்னை நிறுத்திவிட்டு அவரைக் கொண்டுபோய்விட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து அந்த வெற்று அறையைத் திறந்தபோது அதே குளிர் முகத்தில் அடித்தது. மூடுங்கள் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. அதனால் நின்றேன். அழவில்லை. இன்னும் அழவில்லை. நீ தொட்டுவிட்டாயே, அது போதும் என்று அன்றைக்கு நினைத்தேன். போதவில்லை போலிருக்கிறது. வலிக்கவில்லையா என்று கேட்டாயே, வலி எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தால் கடைசியில் என் விரல் படாமல் போன அந்த இடத்தில்தான் போய் நிற்கிறது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடு. சித்தப்பாவின் வேலையெல்லாம் அவர் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார். நீ என்னைக் கேட்டுவிட்டாய், நானும் உன்னை ஒன்று கேட்க வேண்டும். இத்தனை மாதமாக வேறு யாரிடமும் இதைக் கேட்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் ஷேவ் செய்யவில்லை, நாளைக்குச் செய்துகொள்கிறேன் என்றார். நீ பிடித்தபோது கன்னம் சொரசொரவென்று இருந்ததா?

அம்மா